கார் பேட்டரியில் போனும் லேப்டாப்பும் சார்ஜ் போட்டால் காலையில் வண்டி கிளம்புமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இன்வெர்ட்டரைப் பற்றி. திருச்சியிலிருந்து மனைவி, அப்பாவுடன் சின்ன பெட்ரோல் காரில் கிளம்பி, தொண்டி வழியாக ராமநாதபுரம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று மூன்று நாள் சுற்றப் போகிறீர்கள். பறவைப் படம் எடுப்பதற்காக லேப்டாப்பும் கேமராவும் வருகின்றன, போன் மூன்று இருக்கிறது. கடைசி இரவு வாலிநோக்கம் பக்கம் உறவினர் வீட்டில் தங்கல். அங்கே கரண்ட் போனால் அப்பா தூங்கும்போது மாட்டிக்கொள்கிற, மூச்சுத் தடைபடாமல் காற்றை ஊதித் தரும் சிபாப் மெஷினைக் கார் பேட்டரியில் ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து, கார் பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகலாமா என்று கேட்கிறீர்கள். ஒருவர் ஒன்றும் ஆகாது என்கிறார், இன்னொருவர் பேட்டரியே போய்விடும் என்கிறார். உங்கள் உண்மையான கவலை வேறு என்று நினைக்கிறேன். வயதானவரை வைத்துக்கொண்டு நிழல்கூட இல்லாத இடத்தில் வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றுவிடக் கூடாது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் பல வருடங்களாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கார், லோடு வண்டி, வேன் தவிர மண்டபம், பாம்பன் பக்கத்துப் படகுகளுக்கும் ஒயரிங் செய்வதுண்டு. கீழே சொல்லும் வோல்ட், வாட் கணக்கு எந்த 12 வோல்ட் வண்டிக்கும் பொருந்தும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் காரின் சாக்கெட்டுக்கு எத்தனை ஆம்பியர் பியூஸ், உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் பார்க்காமல் சொல்ல முடியாது. அவற்றை நீங்களே எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்கிறேன். சிபாப் மெஷினில் மின்சாரம் பற்றித்தான் என்னால் பேச முடியும். அது இல்லாமல் அப்பா ஓர் இரவைக் கழிக்கலாமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நேரான பதில். இன்ஜின் ஓடும்போது போன், கேமரா, லேப்டாப் மூன்றையும் தாராளமாகச் சார்ஜ் போடுங்கள். இன்ஜின் நின்ற பிறகு போனுக்கு மேல் எதையும் அந்தப் பேட்டரியில் மாட்டாதீர்கள். 300 வாட் இன்வெர்ட்டரை அந்தச் சாக்கெட்டில் சொருகி அதன் முழுத் திறனையும் எதிர்பார்க்காதீர்கள், அது நடக்காது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வகைக் காரில் பெரும்பாலும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருக்கும். 35ஐ 12ஆல் பெருக்கினால் 420 வாட் ஹவர், அதாவது ஒரு வாட் சாமானை 420 மணி நேரம் ஓட்டும் அளவு. இது முழுவதும் உங்களுக்குச் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டிக்குள் இருப்பது செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்காகவே செய்த பேட்டரி. உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய வைத்து, சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும்படி கட்டியிருப்பார்கள். வாடிவாசலிலிருந்து பாயும் காளையை நாள் முழுக்க ஏரில் பூட்டி உழவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். மெதுவாக, ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றினால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகும். நாலைந்து தடவை அடியோடு இறங்கினாலே நல்ல பேட்டரியின் ஆயுளும் கணிசமாகக் குறையும். அதனால் இன்ஜின் நின்றிருக்கும்போது நான் யாருக்கும் கால் பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. உங்கள் கணக்கில் அது சுமார் 100 வாட் ஹவர். பேட்டரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் அதிலும் பாதி.

இப்போது உங்கள் சாமான்களைப் பார்ப்போம். 5000 மில்லி ஆம்பியர் போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட் ஹவர். சார்ஜரிலும் ஒயரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போனுக்கு 75. கேமரா பேட்டரி ஒன்று 14, 15 வாட் ஹவர் இருக்கும், இரண்டு பேட்டரி வைத்திருந்தால் நஷ்டத்தோடு 40. லேப்டாப்புக்கு 50 முதல் 60, நஷ்டம் சேர்த்தால் 70, 75. ஆக ஒரு நாளைக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து மேல்வரை ஏற்றினால் 190 வாட் ஹவர். வண்டியை நிறுத்திவிட்டு இத்தனையும் ஏற்றினால் பேட்டரியில் பாதிக்குப் பக்கமாகக் காலி. புதுப் பேட்டரியாக இருந்தால் காலையில் இழுத்துப் பிடித்துக் கிளம்பும். பழசாக இருந்தால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வரும். உங்களுக்கு வந்த இரண்டு பதில்களும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். இருவரும் அவரவர் பேட்டரியை வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

அதே 190 வாட் ஹவர் ஓடும் வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆல்டர்னேட்டர், அதாவது நாங்கள் பட்டறையில் டைனமோ என்று சொல்வது, 14 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. ஹெட்லைட், ஏசி பிளோயர், விசிறி எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகும் உங்கள் 10 ஆம்பியர் அதற்குச் சுமை ஆகாது. திருச்சியிலிருந்து தொண்டி வருவதற்குள் லேப்டாப்பும் போன்களும் நிறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பயணத்தில் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிக் கால்வாசி உங்கள் இரண்டாவது நாளில் இருக்கிறது. முதல் நாள் நீண்ட ஓட்டம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் பார்க்க நிறுத்தினாலும் அப்புறம் தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று ஓடிக்கொண்டேதான் இருப்பீர்கள். மூன்றாவது நாளும் கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் வரை நல்ல ஓட்டம் உண்டு. தனுஷ்கோடி நாள் அப்படியில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை 20 கிலோமீட்டர் சொச்சம், அரை மணி நேர ஓட்டம்தான். அங்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் இருப்பீர்கள். 2025இல் பெரும் பூநாரைகளுக்காகச் சரணாலயமாக அறிவித்த பகுதி அது. படம் எடுப்பவர்கள் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள். கதவு திறந்து கிடக்கும், உள் விளக்கு எரியும், அப்பாவுக்காகப் பாட்டு ஓடும், போன் சார்ஜில் இருக்கும், நடுவில் ஏசிக்காக இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணி அணைப்பீர்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்து எடுக்கிறது, ஐந்து நிமிட ஓட்டம் அதை முழுசாகத் திருப்பித் தராது. எனக்குத் தெரிந்து அந்தச் சாலையில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் வண்டிகள் இன்வெர்ட்டரால் நிற்பதைவிட இப்படி நிற்பதே அதிகம். இருட்டுவதற்குள் வெளியேறச் சொல்லிவிடும் இடம் வேறு, மெக்கானிக் ராமேஸ்வரத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் அந்த நாளுக்குப் போன், கேமரா, லேப்டாப் எல்லாவற்றையும் முந்தின இரவே லாட்ஜ் கரண்ட்டில் நிரப்பிவிடுங்கள். காரில் எதையும் மாட்டாதீர்கள். படத்தை லேப்டாப்பில் இறக்கும் வேலையை லாட்ஜுக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு சொன்னால் உங்களுக்கு நிதானம் வரும். ஹெட்லைட்டை ஒரு மணி நேரம் மறந்து எரியவிட்டால் போகும் கரண்ட்டில் நான்கு போனை முழுசாக ஏற்றலாம். சாதாரண ஹாலஜன் விளக்கு இரண்டும் சேர்ந்து 110 வாட். போனைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் விளக்கைப் பார்ப்பதில்லை.

சாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அதன் மூடியிலோ பக்கத்திலோ 12 வோல்ட் 120 வாட் என்று எழுதியிருக்கும். பின்னால் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் உண்டு, எது என்று பியூஸ் பெட்டியின் மூடியிலும் காரின் புத்தகத்திலும் இருக்கும். 300 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால், அதற்குள் போகும் நஷ்டத்தோடு 29, 30 ஆம்பியர் இழுக்கும். பியூஸ் போய்விடும். போனால் நல்லது என்றே சொல்வேன், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். சிலர் அந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். செய்யவே கூடாது. பியூஸ் காப்பது உங்கள் லேப்டாப்பை அல்ல, சாக்கெட்டுக்குப் போகும் ஒயரை. பியூஸைப் பெரிசாக்கினால் அடுத்துச் சூடாவது டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயர். காரில் தீப்பிடித்தால் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகுமா என்று பாருங்கள். ஆகும் என்றால் இன்வெர்ட்டரே வேண்டாம். பிடி (PD) என்கிற வேகச் சார்ஜ் வசதியுள்ள 65 வாட் கார் சார்ஜர் ஒன்று நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள், இன்வெர்ட்டரைவிடக் குறைவாகவே ஆகும். இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றும், பிறகு லேப்டாப் சார்ஜர் அதை 20 வோல்ட்டாக இறக்கும். ஏற்றுவதிலும் இறக்குவதிலும் நஷ்டம், சூடு, சத்தம். அதோடு எதுவும் மாட்டாமல் சும்மா இருந்தாலும் அரை ஆம்பியர் வரை தின்றுகொண்டிருக்கும் இன்வெர்ட்டர்கள் உண்டு. கேமரா பேட்டரிக்கும் யூஎஸ்பியில் ஓடும் சார்ஜர் கிடைக்கிறது. பழைய வட்ட முள் லேப்டாப் என்றால் மட்டும் 150 வாட் இன்வெர்ட்டர் போதும், அதை ஓடும் வண்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். எதை மாட்டியிருந்தாலும் ஸ்டார்ட் பண்ணும்போது பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம். செல்ஃப் சுற்றும்போது வோல்ட் 10 வரைகூடக் கீழே இறங்கி, இன்ஜின் பிடித்ததும் 14க்கு ஏறும். நல்ல சார்ஜர் இதைத் தாங்கும். மலிவான சார்ஜரை நம்ப முடியாது.

இன்வெர்ட்டர் விற்பவர்கள், பேட்டரி இறங்கினால் தானாகவே அணைந்துவிடும், பயப்படாதீர்கள் என்பார்கள். இந்த வார்த்தையை நம்பித்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான சின்ன இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் பக்கம் வந்த பிறகுதான் அணையும். உங்கள் பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கும்போதே முக்கால்வாசி காலி, 10.5இல் செல்ஃப் மோட்டார் அசையாது. அந்த அணைப்பு இன்வெர்ட்டரைக் காப்பதற்கானது, உங்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கானது இல்லை.

அதனால் ஒரு சின்ன மல்டிமீட்டரோ, சாக்கெட்டில் சொருகும் வோல்ட் மீட்டரோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். வண்டியை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும், உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி. நான் சொன்ன கால் பங்குக் கணக்குப்படி 12.4க்குக் கீழே போனால் எதையும் மாட்டாதீர்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ சரி. சில புது மாடல்களில் எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துவிடும், 12.8, 13 என்று ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் அந்த வண்டிகளில் பேட்டரி ஓட்டத்தில் நிறைந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் திருச்சியிலேயே ஒரு பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்து வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை, போட்டுப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புவதே மேல். நம்ம ஊர் வெயில் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும், நான்கு வருடம் தாண்டிய பேட்டரியை நான் வெளியூர்ப் பயணத்துக்கு நம்ப மாட்டேன்.

சிபாப் மெஷினுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் உண்மையில் கனமான பகுதி இதுதான். மெஷினின் அடியில் 24 வோல்ட் 90 வாட் என்பதுபோல எழுதியிருக்கும். அது உச்ச அளவு. காற்றை ஊதும் மோட்டார் மட்டும் என்றால் பல மெஷின்கள் 10 முதல் 20 வாட்டுக்குள் ஓடும். தண்ணீரைச் சூடாக்கும் பகுதியையும் சூடேற்றும் குழாயையும் போட்டால்தான் 50, 60க்குப் போகும். எட்டு மணி நேரக் கணக்கில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சூடு இல்லாமல் சராசரி 15 வாட் என்றால் 120 வாட் ஹவர். சூட்டோடு 50 வாட் என்றால் 400, இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு 470. உங்கள் பேட்டரியில் மொத்தமே 420தான். ஆக, சூடேற்றியோடு ஓர் இரவு முழுக்கக் கார் பேட்டரியில் ஓட்டுவது முடியாத காரியம். சூடு இல்லாமல், மெஷின் கம்பெனியே தரும் 12 வோல்ட் மாற்றியை வைத்து நேரடியாக ஓட்டினால் நல்ல பேட்டரி தாங்கும். ஆனால் நான் சொன்ன கால் பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. நடு ராத்திரி அரை மணி நேரம் இன்ஜினை ஓட்டி ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மெதுவாகவே ஏற்றும். பேட்டரியும் நிரம்ப நிரம்பக் கரண்ட்டைக் குறைவாகத்தான் வாங்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏசிக்காகவோ சார்ஜுக்காகவோ இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்காதீர்கள். மூடிய ஷெட்டில் ஓட்டவே கூடாது, கடற்கரையில் மணலில் சைலன்சர் புதைந்திருந்தாலும் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார்.

அப்படியானால் வாலிநோக்கத்தில் என்ன செய்வது? முதலில் உறவினருக்குப் போன் போட்டு வீட்டில் யூபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது நிறைய வீடுகளில் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியோடு வைத்திருக்கிறார்கள், அது 1800 வாட் ஹவர். விளக்கு, ஃபேனோடு அப்பாவின் மெஷினும் அதில் அலட்டாமல் ஓடும். அது சுத்தமான சைன் வேவ், அதாவது லைன் கரண்ட் போலவே சீரான அலையாக வரும் கரண்ட், தருகிறதா என்று மட்டும் பாருங்கள். மாடிஃபைடு என்றோ ஸ்கொயர் வேவ் என்றோ இருந்தால் அந்த வீட்டு ஃபேன் உறுமுவதே காட்டிக்கொடுக்கும். அதில் மெஷினை மாட்டுவதற்கு முன் மெஷின் கம்பெனியின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். யூபிஎஸ் இல்லை என்றால் 300 வாட் ஹவர் அளவுள்ள லித்தியம் பவர் ஸ்டேஷன், அதாவது பெரிய பவர் பேங்க் போன்ற பெட்டி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பாருங்கள். பகலில் ஓடும் வண்டியின் சாக்கெட்டிலேயே அது நிறையும், இரவில் காரைத் தொடவே வேண்டாம். விலை கூடுதல்தான், ஆனால் அப்பா வருடம் முழுக்க இந்த மெஷினோடுதான் வெளியூர் போகப் போகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். வெந்நீர்ப் பகுதி இல்லாமல் அவர் தூங்கலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, வீட்டிலேயே ஓர் இரவு அப்படித் தூங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே படகுக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நாட்டுப்படகில் லைட், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ், போன் சார்ஜ் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில்தான். கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் இன்ஜினாக இருந்தால் பேட்டரி இறங்கினாலும் கரை திரும்பிவிடலாம். செல்ஃப் வைத்த விசைப்படகு அப்படியில்லை. நடுக்கடலில் இறங்கினால் இன்னொரு படகு வந்து இழுக்க வேண்டும். அதனால் நான் ஒயரிங் செய்யும் படகுகளில் ஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் வேறு பேட்டரி என்று பிரித்துவிடுவேன். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்காதபடி நடுவில் ஒரு பிரிப்பான் இருக்கும். காரில் இரண்டாவது பேட்டரி வைக்க இடமும் இல்லை, அவசியமும் இல்லை. 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க்தான் உங்களுடைய இரண்டாவது பேட்டரி. அதில் இருப்பது 74 வாட் ஹவர், நஷ்டம் போகப் போனை மூன்று தடவை ஏற்றும், நான்கு என்று கணக்கு வைக்காதீர்கள். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், நம் நாட்டில் பவர் பேங்குக்கு அது கட்டாயம்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊரில் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை. மூன்று நாளில் உங்கள் காருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பேட்டரி டெர்மினலில் ஏற்கெனவே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கிளம்புமுன் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் டெர்மினல் பூத்துச் செல்ஃப் எடுக்காத வண்டிகள் இந்தப் பக்கம் சாதாரணம். சாக்கெட்டில் எப்போதும் சொருகியே வைத்திருக்கும் சார்ஜரின் நடு முனையும் அப்படித்தான் பூக்கும். பூத்த இடத்தில் கரண்ட் தடைபடும், தடைபட்டால் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். வேலை முடிந்ததும் கழற்றி ஒரு மூடிய டப்பாவில் போடுங்கள்.

போனுக்கு இதைவிட ஆபத்து. கடலில் கால் நனைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து கேபிளைச் சொருகுவார்கள். உப்புத் தண்ணீர் கரண்ட்டைக் கடத்தும், அதில் 5 வோல்ட் பாய்ந்தாலே டைப்-சி முள் நிமிடக் கணக்கில் அரித்துக் கறுத்துப்போகும். போன் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை காட்டினால் அதை மீறிச் சார்ஜ் போடாதீர்கள். வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுத் தூசிதான் உள்ளே போகும். மணலும் அப்படியே, கேபிள் பாதியில் நின்றால் உள்ளே மணல் இருக்கிறது என்று அர்த்தம், அழுத்திக் குத்தாதீர்கள்.

வெயில் இன்னொன்று. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல போன்கள் தாங்களே நிறுத்திக்கொள்ளும். டேஷ்போர்டில் வழிகாட்டியாக மாட்டி, மேலே வெயில் அடிக்க, கீழே சார்ஜும் போட்டால் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் அந்த எல்லைக்கு வந்துவிடும். சார்ஜ் ஏறவில்லை, கேபிள் போச்சு என்று பலர் நினைப்பது இதைத்தான். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். நிறுத்திய வண்டிக்குள் கண்ணாடிக்கு அடியில் பவர் பேங்கை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள், உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகும். கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

கடைசியாக, கேபிள் வைத்துப் பக்கத்து வண்டியிலிருந்து கிளப்ப வேண்டி வந்தால் வரிசை முக்கியம். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள், பேட்டரி மேலே வேண்டாம். கடைசி முனை மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. மோதிரம், இரும்பு வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதவிக்கு வரும் வண்டி பெரிய பஸ்ஸோ லாரியோ என்றால் அது 24 வோல்ட், அதிலிருந்து எடுக்கவே கூடாது. உங்கள் கார் கியர் வண்டி என்றால் தள்ளியும் கிளப்பலாம், ஆட்டோமேட்டிக் என்றால் முடியாது.

பேட்டரி வாங்கிய மாதம், சாக்கெட் பியூஸ் அளவு, சிபாப் மெஷினின் அடியில் எழுதியிருப்பது, இந்த மூன்றையும் கீழே எழுதினால் உங்கள் மூன்று நாளுக்கும் சரியான கணக்கைப் போட்டுத் தருகிறேன்.